நாலாவது ஆள்

மதுரைக்கு நான் போய் இறங்கியது ஓர் ஆடி மாதம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்குத் தற்காலிகக் குமாஸ்தாவாகப் போனவன். மனைவி பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தாள். “ஆறு மாத வேலைக்கு எதற்குக் குடித்தனத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது?” என்று பெரிய மனுஷன் மாதிரி நானே சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன். பிறந்ததிலிருந்து ஒரே கூடத்தில் ஒன்பது பேரோடு படுத்துத் தூங்கியவன் நான். தனியாக இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

தனியாளுக்கு ஊருக்குள் யாரும் அறை தரவில்லை. “குடும்பம் எங்கே?” என்று கேட்பார்கள், சொன்னதும் கதவு பாதி சாத்திக்கொள்ளும். கடைசியில் காளவாசல் பக்கம், செங்கல் சூளைகளைத் தாண்டி, வயல் ஆரம்பிக்கிற இடத்தில் ஓர் அறை கிடைத்தது. ஆடியில் யாரும் புது இடத்துக்குக் குடிபோக மாட்டார்கள் என்பதால் அது காலியாக இருந்தது. ஆடியில் குடிபோகக் கூடாது என்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நான் குடிபோனேன்.

பகல் பொழுதை ஆபீஸ் தின்றுவிடும். சாயங்காலம்தான் பூதம் மாதிரி எதிரே வந்து நிற்கும். முதல் வாரம் கோயிலுக்குப் போய்ப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தேன். அம்பாளிடம் ஒரே வேண்டுதலை எத்தனை தடவைதான் சொல்வது? அவளுக்கே அலுத்திருக்கும். அடுத்த வாரம் மாசி வீதி நாலையும் சுற்றினேன். புதுமண்டபத்தில் தையற்காரர்கள் மிஷின் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்; யாராவது நிமிர்ந்து “என்ன தைக்கணும்?” என்று கேட்டால் நகர்ந்துவிடுவேன். ஸ்டேஷனுக்குப் போய் எங்கள் ஊர்ப்பக்கம் போகிற வண்டியைப் பார்க்கவும் ஆரம்பித்தேன். அதில் ஏறுகிறவர்களைக் கண்டால் வயிற்றெரிச்சலாக இருந்தது, விட்டுவிட்டேன். காபி கிளப்பில் ஒரு டம்ளர் காபியை அரை மணி நேரம் குடிக்கக் கற்றுக்கொண்டேன். “ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரட்டுமா?” என்று பரிமாறுகிறவர் கேட்பார். ஆபீஸ் விஷயம் அல்லாமல் ஒரு நாளில் என்னிடம் பேசப்பட்ட பேச்சு சில நாள் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைதான் மகா மோசம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பசுமலை வழியாகத் திருப்பரங்குன்றத்துக்கு நடப்பது, சுவாமி தரிசனம் செய்வது, மலையை ஒரு சுற்றுச் சுற்றுவது, வெயில் ஏறியதும் திரும்புவது. அதில் அரை நாள் போய்விடும். மீதி அரை நாள், நடந்த களைப்பில் தூங்கினால் போய்விடும். ஆபீஸில் எங்கள் ஜாதிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். “ஞாயிற்றுக்கிழமை நடக்கிறதா? எனக்கென்ன பைத்தியமா?” என்றார். நான் ஒற்றையாகவே நடந்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் தெருவில் என்னைப் பார்த்ததும் எல்லாருக்கும் எதையோ மறந்தது ஞாபகம் வந்துவிடும். வெளியே கிளம்பினவர் சட்டென்று நின்று உள்ளே திரும்புவார். வண்டி பூட்டினவர் இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். மதுரைக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் ஞாபகமறதி அதிகம் என்று மனைவிக்குக் கடிதம்கூட எழுதினேன்.

எதிர்வீட்டுக்காரர்களுக்குத்தான் மறதி ரொம்ப அதிகம். பரம்பரையாக அங்கேயே நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். வீட்டுக்காரர், அவர் அண்ணன், வீட்டுக்காரரின் மனைவி, அந்த அம்மாளின் தம்பி, கல்யாணத்துக்கு நிற்கிற அவர்கள் பெண் - இவ்வளவு பேரும் ஒரே வீட்டில். அந்தப் பெண்ணை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை, சிரிப்பைத்தான் கேட்டிருக்கிறேன். கோழியை அடைக்கும்போது சிரிப்பாள், கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் சிரிப்பாள், பெரியப்பா திட்டினால் இன்னும் பலமாகச் சிரிப்பாள். அறையில் தனியாக விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் வந்தால் எனக்கும் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். பொய் சொல்வானேன், அதற்காகவே சில நாள் சீக்கிரம் அறைக்குத் திரும்பியிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் என் வாசலுக்கு வந்து, உள்ளே பார்க்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு பேசினார்.

“சாமி, தப்பா நெனைக்கக் கூடாது. நாளைக்குக் காலையில மகளுக்கு மாப்பிள்ளை வீடு பாக்கப் போறோம். ஆவணியில ஒரு எடத்துக்குப் போனப்ப நீங்க எதுக்க வந்தீக. அது தட்டிப்போச்சு. ஐப்பசியில ஒரு எடம். அன்னைக்கும் நீங்கதான். அதுவும் தட்டிப்போச்சு. நாளைக்கு மட்டும் நாங்க கெளம்புற வரைக்கும் கொஞ்சம் வெளிய வராம...”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒற்றைப் பிராமணன் எதிரே வந்தால் போகிற காரியம் ஆகாது. இது எனக்குத் தெரியாததா? எங்கள் ஊரில் தெரு முழுக்கப் பிராமணர்கள், யாரும் யாரைக் கண்டும் ஒதுங்குவதில்லை. சகுனம் என்பது யாரோ ஒருவர் என்றுதான் நினைத்திருந்தேனே தவிர, அது நான்தான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கோபம் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ‘உங்கள் தெருவில் குடியிருப்பது என் குற்றமா?’ என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நவராத்திரியில் இதே அம்மாள் சுண்டல் கொடுத்தனுப்பினபோது, சமைத்த பண்டம் என்று வாங்காமல் திருப்பி அனுப்பினவன் நான். அவர்கள் என் முகத்துக்குப் பயந்தார்கள், நான் அவர்கள் பாத்திரத்துக்குப் பயந்தேன். “வரமாட்டேன் அம்மா, கவலைப்படாதீங்கோ” என்றேன்.

ராத்திரி அழுகை வந்தது. நாலு மாதமாக இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாமல் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், பார்க்கக் கூடாது என்று.

அறைக்குள் அடைந்து கிடக்க என்னால் ஆகவில்லை. அவர்கள் கிளம்புவதற்கு வெகு முன்னாலேயே வெளியேறிவிட்டால் தொல்லை இல்லை என்று கணக்குப் போட்டு, கருக்கலிலேயே எழுந்து மாடக்குளம் கண்மாய்க் கரைக்குப் போய் உட்கார்ந்தேன். நாரைகளைப் பார்த்துக்கொண்டு, நன்றாக வெயில் வந்தபிறகு, இந்நேரம் அவர்கள் வண்டி பசுமலையைத் தாண்டியிருக்கும் என்று தீர்மானித்துத் திரும்பினேன். அப்படியும் ஒரு ஜாக்கிரதைக்காகச் சாலையை விட்டு வயல் வரப்பில் நடந்தேன்.

பாதி வரப்பில் நிமிர்ந்து பார்த்தால், எதிரே மூன்று பேர். வீட்டுக்காரர் முன்னால், அம்மாள் நடுவில், மைத்துனர் பின்னால். ஞாயிற்றுக்கிழமை நான் சாலையில்தான் நடப்பேன் என்பது தெருவுக்கே தெரியுமாம். அதனால் எனக்குப் பயந்து, வண்டியை விட்டுவிட்டு, அவர்கள் வரப்பு வழியாக வந்திருக்கிறார்கள்.

வரப்பு ஓர் ஆள் அகலம். இரண்டு பக்கமும் நடவு வயல், தண்ணீர் நிற்கிறது. நான் என்ன செய்தேன் என்றால், குடையோடு, வேட்டியோடு, அப்படியே சேற்றில் குதித்தேன். முழங்கால்வரை இறங்கிவிட்டது. முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். மகளுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

“சேத்துல எறங்கி நின்னா சகுனம் சரியாப் போயிருமா சாமி? மேல ஏறுங்க, அட்டை கடிக்கப் போகுது!”

மைத்துனருக்குச் சிரிப்பு வரவில்லை. “அக்கா, வீட்டுக்குத் திரும்பு. மூணாவது தடவையும் இந்தாளு. இது நமக்கு ஆகாது.”

“திரும்பிட்டு எப்ப மாப்ள போய்ச் சேர்றது? எமகண்டம் வந்துரும்ல” என்றார் வீட்டுக்காரர்.

அம்மாள் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து, கொண்டுவந்த செம்பிலிருந்து மற்ற இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்துத் தானும் குடித்தார். கெட்ட சகுனத்துக்கு அது பரிகாரம். செம்பை என் பக்கம் நீட்டப் போனவர், சுண்டல் ஞாபகம் வந்ததோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டார். நானும் தாகம் இல்லாதவன் மாதிரி நின்றேன். அவருடைய இன்னொரு கையில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கூழாங்கல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“அது என்ன அம்மா?”

“நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகக் கூடாதுல்ல? நாலாவது ஆளு இவுக அண்ணன், பெரியவக. விடியக்காலம் குளிர் காய்ச்சல் வந்து படுத்துட்டாக. வேற ஆளு கெடைக்கல. அதான் கல்ல ஒரு ஆளாக் கணக்கு வச்சு எடுத்துட்டு வந்தேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏங்க, எதுக்க வந்தாத்தான சகுனம்? இவுக திரும்பி நம்ம கூட நடந்தா?”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மாள் அதற்குள் கல்லை வயலில் விட்டெறிந்துவிட்டார். “நீங்க வாங்க சாமி. உங்களுக்கு வேற சோலி இருக்கா?”

சோலி! நாலு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது அதுதானே. ஒரு கல்லின் இடத்துக்கு நியமனம் ஆகி, சேற்று வேட்டியோடு அவர்கள் பின்னால் நடந்தேன். ஆபீஸில் வேலைக்கு உத்தரவு வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

பசுமலையில் பஸ் ஏறி, திருப்பரங்குன்றம் தாண்டி இறங்கி, மேற்கே இரண்டு மைல் நடந்தால் அந்த ஊர். மாப்பிள்ளை வீடு நல்ல வசதியான வீடு. வாசலில் வேம்பு, நாலு ஜோடி மாடு. மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைப் பார்த்துவிட்டு, “இவுக?” என்று கேட்டார். மைத்துனர் முந்திக்கொள்ளப் பார்த்தார். வீட்டுக்காரர் சாதாரணமாக, “எங்ககூட வந்தவுக” என்றார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. முகூர்த்தம் பார்க்கவே ஐயரைக் கையோடு கூட்டிவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு, இளநீர் சீவிக் கொடுத்து, “தையில முதல் முகூர்த்தம் எப்ப வருது சாமி?” என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்புக் கட்டுவது. “பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று கம்பீரமாகச் சொன்னேன். எல்லாம் சுமுகமாக நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையும் ஆள் வாட்டசாட்டமாக இருந்தான். இந்தச் சம்பந்தம் முடிந்துவிட்டால் நான் ராசியில்லாதவன் என்ற பேச்சும் முடிந்துவிடும். அம்பாளே, இதை முடித்துக் கொடு என்று உட்கார்ந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். நாலு மாதத்தில் அதுதான் புது வேண்டுதல்.

வேட்டியில் சேறு காய்ந்து விறைத்துக்கொண்டிருந்தது. அலசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வீட்டின் மூத்த மருமகள் என்று கழுத்துத் தாலியும் வேலையும் சொல்லின. இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“பொண்ணு வீட்டுக்காரக கூட வந்தீகளா சாமி?”

“ஆமாம் அம்மா.”

“பொண்ணு எப்படி? நல்லாச் சிரிக்குமா?”

இது என்ன கேள்வி என்று தோன்றியது. “நன்னாச் சிரிக்கும். தெரு முழுக்கக் கேட்கும்” என்றேன், என் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். “அப்ப இந்த வீடு வேணாம் சாமி” என்றாள். குடத்தை இடுப்பில் எடுத்து வைக்கக் கையைத் தூக்கினபோது முழங்கைக்கு மேலே வரிசையாகச் சூட்டுத் தழும்புகள் தெரிந்தன. பழசும் இருந்தது, புதுசும் இருந்தது. “நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்புடாதீக” என்று உள்ளே போய்விட்டாள்.

வேட்டியை அலசாமலே திரும்பினேன். முன்பக்கம் வந்தால் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் மனசு ஒப்பாமல் கை நனைப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்து இலையில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பேச்சை மாற்றக் கூடாது. கூடத்தில் வாசலைப் பார்த்து மூன்று இலை. வீட்டுக்காரரும் மைத்துனரும் உட்கார்ந்துவிட்டார்கள். “அம்மாவும் ஒக்காரட்டும்” என்று மாப்பிள்ளையின் தாயார் உபசரித்துக்கொண்டிருந்தார்.

கத்திச் சொல்லலாம். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள். அந்த மருமகளின் கதி என்ன ஆகும்? அம்மாளைத் தனியாகக் கூப்பிடலாம். அந்நிய ஆண் பிள்ளை, எப்படிக் கூப்பிடுவது? பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் நான் நல்ல சகுனம். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நினைப்பும் எனக்கு வந்தது. தட்டிப்போனால் மறுபடி நான்தான் காரணம். தெருவில் என்னைக் கண்டு கதவை மூடுவார்கள். கட்டில் பக்கம் இரண்டடி நடந்துகூட விட்டேன். அப்போது, கோழியை அடைக்கும்போது எதிர்வீட்டுப் பெண் சிரிக்கிற சிரிப்பு காதில் கேட்ட மாதிரி இருந்தது.

திரும்பினேன். தெருவுக்கு இறங்கி, வாசல்படி ஏறி, தனியாக, நேர் எதிரே, இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

சோற்றில் கை வைக்கப் போன மைத்துனர் அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்தார். நாலு மாதமாக என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனவர், அன்றைக்கு முழுசாகப் பார்த்தார். நான் நகரவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. சேற்றில் குதித்துக் கண்ணை மூடிக்கொண்டவன் இப்போது வேண்டுமென்றே வந்து நிற்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார்.

“என்னங்க, எந்திரிங்க. எனக்குத் தலையைச் சுத்துது” என்று தூணைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கிருங்க. கை நனைக்கிறத இன்னொரு நாளைக்கு வச்சுக்கிருவோம்.”

ஊர் எல்லை தாண்டினதும் மைத்துனர் என் மேல் பாய்ந்தார். “அப்பவே சொன்னேன் மச்சான், இந்தாளு வெளங்க விடமாட்டாருன்னு!” எனக்கும் கோபம் வந்தது. ஆனால் குரல் கோபமாக வரவில்லை. கிணற்றடியில் கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன்.

மைத்துனர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வந்த வழியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சிரிக்குமான்னா கேட்டா?” என்றார் அம்மாள்.

“ஆமாம்.”

“பெத்தவுக இருக்காகளோ இல்லையோ, அந்தப் புள்ளைக்கு” என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை மூன்று பேருக்கும் கொடுத்தார். என் முறை வந்ததும் தயங்கினார். நான் கையை நீட்டி வாங்கிக் குடித்தேன். என் பாட்டனார் பார்த்திருந்தால் என்னைத் தலைமுழுகியிருப்பார். தண்ணீர் வெதுவெதுப்பாக, பித்தளை வாசனையோடு இருந்தது.

அதற்கப்புறம் எதிர்வீட்டில் யாருக்கும் மறதி வரவில்லை. நானாகத்தான் காலையில் கொஞ்சம் தயங்கி, கதவிடுக்கில் பார்த்துவிட்டு வெளியே வருவேன். பழக்கம் உடனே போகுமா?

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்த அம்மாள் தெருவைக் கடந்து வந்து, இந்தத் தடவை வாசலுக்கு நேராகவே நின்றார்.

“வர்ற ஞாயித்துக்கெழம இன்னொரு எடம் பாக்கப் போறோம் சாமி. எங்க வீட்டுல மூணு பேருதான் இருக்கோம். நீங்க வாரீகளா?”

அவருக்குப் பின்னால், எதிர்வீட்டு முற்றத்தில், காய்ச்சலெல்லாம் தெளிந்த பெரியவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தன்னை ஆள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது அவர் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் திரித்தார். வீட்டுக்குள்ளேயிருந்து அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“எத்தனை மணிக்குப் புறப்படணும்?” என்று கேட்டேன்.